போர்க்காயமா, பணிக்காயமா? பென்ஷன் தகராறு தொடங்கும் இடம்

முன்னாள் ராணுவத்தினரின் ஊன ஓய்வூதியத் தகராறுகளில் காயம் இருப்பதை யாரும் பெரிதாக மறுப்பதில்லை. அது எதனால் வந்தது என்று எழுதிய வரியில்தான் சிக்கலே.

கணக்கைப் பாருங்கள். கடைசிச் சம்பளம் 80,000 ரூபாய், ஊனம் 30 சதவீதம், 2023 செப்டம்பர் 21-க்கு முன் பணிக்காலம் முடித்து வந்தவர். 100 சதவீத ஊனத்துக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால் ஊனப் பகுதி மாதம் 7,200. 50-க்குக் கீழ் உள்ளதை 50 ஆக உயர்த்தும் ‘பிராட்பேண்டிங்’ கிடைத்தால் 12,000. பணிக்காலம் முடித்தவருக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே காயம் போர்க்காயம் என்று பதிவாகியிருந்தால் விகிதம் இரட்டிப்பு, அதாவது 24,000.

இவ்வளவு வித்தியாசத்தைத் தீர்மானிப்பது அடிபட்ட வாரத்தில் யூனிட்டில் எழுதிய தாள்கள்: காய அறிக்கை, ராணுவத்துக்குள்ளேயே நடக்கும் விசாரணைக் குழுவின் (கோர்ட் ஆஃப் இன்கொயரி) முடிவு, வீரரைப் பற்றிய நிகழ்வுகளை யூனிட் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர். ரோந்து வண்டி கவிழ்ந்ததை வெறும் ‘விபத்து’ என்று எழுதி, எந்த நடவடிக்கையில் இருந்தார் என்பதை விட்டுவிட்டால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. பிரதிகள் கையில் இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு முன்பே, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் எழுதும் மனு வெறும் புலம்பல்தான்.

நோய் என்றால் நிராகரிப்புக் கடிதம் அநேகமாக ஒரே பல்லவி: பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல. இதற்குப் பதில் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். மாறாகச் சொல்லும் மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். போர்டு தாளில் காரணம் கேட்கும் கட்டத்தைப் பாருங்கள். ‘பரம்பரை நோய்’ என்று ஒற்றை வரி இருந்தால் பிடி அங்கேதான். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளிவந்தவர்களுக்குப் புதிய விதிகள். பழைய தீர்ப்பை அப்படியே ஒட்டினால் நிற்காது.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம், இரண்டாவதற்கு ஆறு மாதம், அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு. காலம் கடந்தவர்களும் போகலாம், ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை. ஆனால் 2008 தர்செம் சிங் தீர்ப்பைக் காட்டி, நிலுவையைப் பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்தி வந்திருக்கிறார்கள்.