காலையில் வராத சத்தம்

ஆனி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. குற்றாலத்தில் சாரல் என்று பாதி ஊர் பஸ் ஏறிவிடும். பாளையங்கோட்டைப் பக்கம் மிஞ்சுவது புழுதிதான். அந்தப் புழுதியில் ஒரே ஒரு துகள் என் மூன்று வாரத்தைத் தின்றது.

அப்போது நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பாசிட்ரானியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்து சிறிது நேரம் குடித்தனம் நடத்தும் அணு அது. மார்ட்டின் டாய்ச் 1951இல் கண்டுபிடித்தார். இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருந்தால் அது பாரா, 0.125 நானோசெகண்டில் கதை முடிந்துவிடும் (ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்குபோட்டால் ஒரு பங்கு ஒரு நானோசெகண்ட்). ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ. வெற்றிடத்தில் 142 நானோசெகண்ட் வாழும். உலோகத்துக்குள் இந்தக் குடித்தனமே அமையாது, அங்குள்ள எலக்ட்ரான் கூட்டம் விடாது. பல பிளாஸ்டிக்குகளில் அமையும், ஆனால் இண்டு இடுக்குகள் சிறியவை என்பதால், சுற்றியுள்ள வேறொரு எலக்ட்ரானோடு பாசிட்ரான் சேர்ந்து அழிந்துவிடும். ஆயுள் சில நானோசெகண்டுதான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லின் துளைகள் விசாலமானவை, அங்கே பல பத்து நானோசெகண்ட் தாக்குப்பிடிக்கும். ஆயுளை வைத்தே துளையின் அளவைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இந்த வேலையின் ருசி.

என் வேலை சிலிக்கா ஜெல்லில் மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலை ஊறவைத்து, உலர்த்தி, ஆயுள் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. தாமிர அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. அதன் மேல் மோதினால் ஆர்த்தோ பாராவாக மாறி உடனே அழியும். இதைத் தணிப்பு என்போம்.

காப்டான் என்ற பிளாஸ்டிக் தாளில், பாசிட்ரானை உமிழும் சோடியம்-22 மூலத்தைப் பொதிந்து, கலத்திலுள்ள ஜெல் தூளுக்குள் புதைத்து மூடுவோம். காப்டானில் பாசிட்ரானியம் உருவாகாது என்பதால் அதனால் குழப்பம் இல்லை. பாசிட்ரான் பிறந்ததை 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர் சொல்லும்; இறந்ததை அழிவில் வரும் காமா சொல்லும். இடைப்பட்ட நேரத்தைப் பத்து லட்சம் முறை எண்ண வேண்டும். ஓர் இரவு போய்விடும். ஆள் இல்லாத நேரத்தில் பம்பு ஓடக் கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே மாலையில் கலத்தின் காற்றை உறிஞ்சி, வால்வை மூடி, பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவோம்.

வெறும் ஜெல்லை மாசி மாதமே அளந்து முடித்திருந்தேன். ஆனியில் மயில்துத்த மாதிரிகள். ஆயுள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைந்தது. கட்டுரையின் முதல் பத்தியைக்கூட எழுதிவிட்டேன். இன்று அதைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆய்வக உதவியாளர் அண்ணாச்சிதான் ஒரு நாள் காலையில் கேட்டார்: "தம்பி, மூடியைத் திறக்கும் முன்னால் காற்று விடும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, இப்போதெல்லாம் அது வருவதில்லையே?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உள்ளே வெற்றிடம் இருந்தால்தான் காற்று சத்தத்தோடு புகும். சத்தம் இல்லையென்றால் இரவிலேயே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறிலும் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டு உண்டு. தாமிரம் செய்வதையே அதுவும் செய்யும். இவர் கொன்றாரா அவர் கொன்றாரா என்று வரைபடத்தில் கையெழுத்து இருக்காது. வெற்றிடமானி வேறு பழுதுபார்க்கப் போயிருந்தது. காலையில் என் காது எங்கே போயிருந்தது என்றால், கண்ணோடு சேர்ந்து கணினித் திரைக்குப் போயிருந்தது.

வெறும் ஜெல்லை மறுபடி அளந்தேன். அதுவும் குறைந்தே வந்தது. அண்ணாச்சி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டினார். மணல் துகள் ஒன்று. துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். மயில்துத்தத்தின் பங்கு உண்மையில் இருக்கத்தான் செய்தது. நான் கொண்டாடியதில் ஏறக்குறைய பாதி.

அதன் பிறகு இரவு முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமிப்பதை விட்டேன். மணிக்கு ஒரு கோப்பு. முன்பே அப்படிச் செய்திருந்தால், முதல் மணியில் நீண்டிருந்த ஆயுள் விடிய விடியத் தேய்ந்ததைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். அண்ணாச்சிக்குக் கோப்புகளில் நம்பிக்கை இல்லை. நான் வால்வில் கை வைத்தால், துடைத்துக்கொண்டிருக்கும் மேசையை அப்படியே விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். சத்தம் வந்த பிறகுதான் துணி மறுபடி நகரும்.