டெக்ஸ்ட் கேம் ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் இன்புட்டை முதலில் கவனியுங்கள்

தர்மபுரியில் பிசிஏ கடைசி வருடத்தில் நான் செய்த பைத்தான் ப்ராஜெக்ட், ஒகேனக்கல் பரிசல் பயணத்தை வைத்து ஒரு டெக்ஸ்ட் கேம். ஆடுபவர் "பரிசலில் ஏறு", "கரைக்குப் போ" என்று டைப் செய்வார். இதே மாதிரி எடுக்கப் போகிறவர்கள் கதையில் இறங்கும் முன்பே இன்புட்டை யோசித்துவிடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் என்னிடம் கேட்டதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

இன்புட் வாங்கும் வரியைக் கேம் முழுக்கத் தூவி வைக்காதீர்கள். அடுத்த கட்டளையைத் தருவதற்கென்று ஒரே ஒரு ஃபங்ஷன் போதும். அது கீபோர்டிலிருந்து வாங்கித் தரட்டும், அல்லது முன்பே எழுதி வைத்த லிஸ்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரட்டும். எங்கிருந்து வந்தது என்று கேமுக்குத் தெரிய வேண்டியதில்லை. இப்படிப் பிரித்துவிட்டால் முழு ஆட்டத்தையும் கை வைக்காமல் நொடியில் ஓட்டிச் சோதிக்கலாம். நீரோட்டத்துக்கு ரேண்டம் எண் வைத்திருந்தால், சோதிக்கும்போது அதன் சீட் (seed) எனும் தொடக்க எண்ணை மாறாமல் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முடிவு வரும்.

கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்து, அது தீர்ந்தால் என்ன ஆகும்? பலர் விடுகிற இடம் இதுதான். கீபோர்டுக்குப் பதிலாக ஃபைலை இன்புட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது, அது முடிந்ததும் பைத்தான் இஓஎஃப் எரர் (படிக்க இனி எதுவுமில்லை என்ற எரர்) தரும். லூப்புக்குள் எல்லா எரரையும் பிடிக்கும் வெறும் எக்ஸெப்ட் போட்டிருந்தால், "மறுபடி டைப் செய்யுங்கள்" என்று முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இஓஎஃப் வந்தால் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். வேல்யூ எரரை மட்டும் தனியாகப் பிடித்து மறுபடி கேளுங்கள்.

அந்த வேல்யூ எரர் எங்கே வரும் என்றால், எண் கேட்கும் இடத்தில். என் கேமில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று கேட்பேன். நம் ஊர்க்காரர் செய்தியில் பார்த்த பழக்கத்தில் 20,000 என்று கமாவோடு போடுவார். டைப் செய்ததை முழு எண்ணாக மாற்றும் இன்ட் ஃபங்ஷன் அதை ஏற்காமல் வேல்யூ எரர் தரும். கமாவை நீக்கிவிட்டு மாற்றுங்கள். தமிழ் எண்ணான ௫ கொடுத்தாலோ, இன்ட் அதை 5 என்றே எடுத்துக்கொள்ளும்!

அப்புறம், தமிழில் கட்டளை வாங்கினால் வினைச்சொல் கடைசியில் வரும். ஒருவர் "கரைக்குப் போ" என்பார், இன்னொருவர் ஒற்றை விட்டுவிடுவார். அதனால் வரியைச் சொல் சொல்லாக ஸ்ப்ளிட் செய்து கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள். "போ" என்பதே யூனிகோடில் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியீட்டு முறை) இரண்டு குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒப்பிட்டால் சமமில்லை என்றே பதில் வரும். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில், பிரிந்த குறியீடுகளைச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்தைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வைவாவுக்கு முந்தின நாள் வெறும் என்டர், ஸ்பேஸ் மட்டும் உள்ள வரி, கமா போட்ட எண், பாதியில் நிற்கும் ஃபைல் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.