நிதானிக்கிறவர்கள் எங்கே?

1 கொரிந்தியர் 14:29-ஐ நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம்" என்பது பல சபைகளில் நடக்கிறது. "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்பது நடப்பதில்லை. ஒருவர் சொல்கிறார், ஜனங்கள் "ஆமென்" என்கிறார்கள், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.

நிதானம் என்றால் இன்று நமக்கு அவசரப்படாமை. பழைய வேதாகமத் தமிழில் அது ஆராய்ந்து தீர்மானிப்பது. கிரேக்க மூலத்தில் இருக்கும் 'தியாக்ரினோ' என்ற வினைச்சொல்லுக்குப் பிரித்தறிவது என்று பொருள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான் இது. கல் இருக்கிறதே என்று அரிசியைக் கொட்டிவிடக்கூடாது, கல்லோடு உலையிலும் போடக்கூடாது. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று எழுதிய கையோடு, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் அதனால்தான்.

எதை எதிலிருந்து பிரிப்பது? அப்போஸ்தலர் 21-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செசரியாவில், பிலிப்பின் வீட்டில், அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொள்கிறான். இந்தக் கச்சைக்கு உரியவனை எருசலேமில் யூதர் இப்படிக் கட்டிப் புறஜாதியாரிடம் ஒப்புக்கொடுப்பார்கள் என்கிறான். அவன் சொன்னது அவ்வளவுதான். "போகாதே" என்று அவன் சொல்லவில்லை. போக வேண்டாம் என்று அழுது கெஞ்சியது லூக்கா உட்பட அங்கிருந்தவர்கள். பவுல் அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு எருசலேமுக்குப் போனார். அங்கே யூதர் அவரைப் பிடித்து அடித்தார்கள், இரண்டு சங்கிலிகளால் கட்டச்சொன்னது ரோமச் சேனாபதி. ஆக, வெளிப்பாடு ஒன்று, அதன் அர்த்தம் இன்னொன்று, அதைக் கேட்டு என்ன செய்வது என்பது மூன்றாவது. நம்மிடையே நடக்கிற குழப்பத்தில் பெரும்பங்கு இந்த மூன்றையும் ஒரே மூச்சில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்வதால் வருகிறது. உண்மையாகவே ஒரு பாரத்தை உணர்ந்த சகோதரிகூட, அதற்குத் தானே சேர்த்த ஆலோசனையால் ஒரு குடும்பத்தைத் திசைமாற்றிவிட முடியும்.

நடைமுறைக்கு வருவோம். சொல்லப்பட்ட வார்த்தையை அன்றைக்கே தேதியோடு எழுதுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால், நடந்த சம்பவத்துக்கு ஏற்றபடி வார்த்தை வளைந்திருக்கும். மூப்பர்களில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கேளுங்கள்: இது வேதத்துக்கு இசைகிறதா? இயேசுவை உயர்த்துகிறதா, பேசினவரையா? 1 கொரிந்தியர் 14:3 சொல்கிற பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் இதில் உண்டா? பேசினவரின் வீட்டு வாழ்க்கையைச் சபை அறியுமா? பதில் எப்போதும் ஆம், இல்லை என்று வராது. "பொறுத்திருப்போம்" என்பதும் சரியான முடிவுதான். இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொன்னபோது (எரேமியா 28), எரேமியா "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்று சொல்லி, சமாதானம் சொல்கிறவனின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவன் யாரென்று தெரியும் என்றார். அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோதும் எரேமியா தம் வழியே போய்விட்டார். கர்த்தரின் பதில் வார்த்தை பிறகுதான் அவருக்கு வந்தது.

நிறைவேறிவிட்டாலே போதும் என்று நினைப்பதும் ஆபத்து. உபாகமம் 18 நடக்காத வார்த்தையைப் பற்றிப் பேசுகிறது. உபாகமம் 13 சொன்ன அடையாளம் நடந்தேவிட்ட பிறகும் வேறே தேவர்களிடம் இழுக்கிறவனைப் பற்றிப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தனியறையில், சாட்சி இல்லாமல் சொல்லப்படுகிற வார்த்தைகளில்தான் சேதம் அதிகம். குறிப்பாக நான்கு விஷயங்கள்: யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலையை விடுவது, எவ்வளவு காணிக்கை கொடுப்பது, எந்த மாத்திரையை நிறுத்துவது. இவற்றில் ஒரு மனுஷனின் வார்த்தையை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்கக்கூடாது என்று சபையில் வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவரை அந்த நிமிஷமே தடுக்க வேண்டும், அதற்குக் கூட்டம் போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. "தடுக்கமுடியவில்லை, ஆவியானவர் பேசவைத்தார்" என்ற பதிலும் செல்லாது. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதாக 1 கொரிந்தியர் 14:32 சொல்கிறது.

பணத்தைப் பற்றி ஆதிச்சபை எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு 'டிடாக்கே' சாட்சி. புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஒட்டிய இந்தச் சிறு நூலின் கைப்பிரதி 1873-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் கிடைத்தது. ஊர் ஊராக வருகிற ஊழியக்காரர் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி என்கிறது. ஆவியில் பேசும்போதே குறுக்கிட்டுச் சோதிக்காதீர்கள், நடத்தையால் அறியுங்கள் என்கிறது. ஆவியில் தனக்காகப் பணம் கேட்டால் கேட்காதீர்கள், ஏழைகளுக்காகக் கேட்டால் குற்றப்படுத்தாதீர்கள் என்றும் பிரித்துச் சொல்கிறது. பஞ்சம் வரும் என்று அகபு சொன்ன பிறகு (அப்போஸ்தலர் 11) வசூலான பணம் அகபுவிடம் போகவில்லை. பர்னபா, சவுல் (பவுல்) கையில் யூதேயாவின் மூப்பருக்குப் போய்ச் சேர்ந்தது.

வார்த்தை தவறிப்போனால்? தேதியைத் தள்ளிப்போடுவதும், "நீங்கள் சரியாக ஜெபிக்கவில்லை" என்று கேட்டவர்கள் தலையில் கட்டுவதும்தான் வழக்கமாகிவிட்டது. மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருத்த வேண்டும், அதே சபையின் முன்னால், சொன்னவர் வாயாலேயே. அதற்கு மறுக்கிறவருக்கு அடுத்த ஞாயிறு மைக் கொடுக்காதீர்கள். ஒத்துக்கொண்டு அழுகிறவரைத் தள்ளிவிடாதீர்கள். கொஞ்ச நாள் மூப்பர் ஒருவரோடு உட்காரவைத்து, எது வெளிப்பாடு, எது தன் மனசு என்று பழக்குங்கள்.