அந்தி நேரத்துக்கு ஒரு கண்ணாடி

பைக்கில் பகல் முழுக்கப் போட்டிருந்த கூலிங்கிளாஸை வெளிச்சம் மங்கியதும் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பது என் பழக்கம். அன்றும் அப்படித்தான் வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இடது கண்ணில் சுள்ளென்று ஏதோ அடித்தது.

வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் இருக்கும். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அடிபட்டது ஒரு கண்தான், ஆனால் மூடிக்கொண்டது இரண்டும். அடிபடாத கண்ணையாவது திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், இமை நம் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு மூன்று நொடி பாதையே தெரியாமல் போயிருக்கிறேன். பின்னால் வந்தவர் விலகிப் போனதால் ஓரம் கட்ட முடிந்தது. கட்டியதும் செய்த முதல் காரியம், கண்ணை நன்றாகக் கசக்கியது.

மறுநாள் காலையிலும் மணல் போட்டதுபோல் உறுத்தல் நிற்கவில்லை. கண் மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு மருந்து ஊற்றி, அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் மேலிருந்து கீழாகப் பச்சையாக ஒளிரும் மெல்லிய கோடுகள். கோடுகள் அப்படி இருந்தால் குற்றவாளி மேல் இமைக்குள் இருக்கிறான் என்றார். பஞ்சுக் குச்சியை வைத்து இமையைப் புரட்டி எடுத்தார். வண்டின் இறக்கைத் துணுக்கு, கடுகில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு முறை இமைத்தபோதும் அது கருவிழியைக் கீறியிருக்கிறது. நான் கசக்கியது அதை இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறது. சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவியிருக்க வேண்டும், அதற்கும் போகாவிட்டால் தொடாமல் மருத்துவரிடம் வந்திருக்க வேண்டும் என்றார். நல்லவேளை, சில நாள் சொட்டு மருந்திலேயே ஆறிவிட்டது.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நாம் வெயிலுக்குத்தான் கண்ணாடி வாங்குகிறோம். வெளிச்சம் மங்கி, வண்டும் ஈசலும் விளக்கைத் தேடிக் கிளம்பும் நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். கழற்றாமலும் இருக்க முடியாது. கூலிங்கிளாஸ்களை எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். சாதாரணமாக நாம் வாங்குவது 3, வரும் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் கண்ணுக்குப் போகும். 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான், அதைப் பகலில்கூட வண்டி ஓட்டப் போடக்கூடாது. 75 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் எதுவும் அந்திக்கும் இரவுக்கும் ஆகாது என்பது அதே தரவிதி. இரவு ஓட்டத்துக்கென்று விற்கும் மஞ்சள் லென்ஸிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் இருக்கிற வெளிச்சத்தில் ஒரு பங்கைக் குறைக்கத்தான் செய்கிறது.

அதனால், இரண்டு சக்கரத்துக்குக் கண்ணாடி வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் நிறமே இல்லாத ஒன்றை வாங்கச் சொல்கிறேன். கறுப்பு அப்புறம் வாங்கலாம். அடி தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் செய்த லென்ஸ் நிறமில்லாமல் இருந்தாலும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், எனவே பகலிலும் அது வீணாகாது. நிறமும் புற ஊதாத் தடுப்பும் வேறு வேறு. தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸ் ஒருவகையில் மோசம். லென்ஸ் தரும் இருட்டில் கண்பாப்பா விரிந்துகொள்ள, கதிர் தாராளமாக உள்ளே போகும்.

லென்ஸ் எதனால் ஆனது என்று கேட்காமல் வாங்காதீர்கள். நிஜக் கண்ணாடியாக இருந்தால் கல் பட்டு உடைந்து சில்லு கண்ணுக்குள் போகலாம். வழக்கமான பிளாஸ்டிக் லென்ஸும் பாலிகார்பனேட் அளவுக்கு அடி தாங்காது. லென்ஸின் ஓரத்தில் அல்லது காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கத்தில் 'இசட் 87+' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அது அமெரிக்கத் தரமுத்திரை. அந்தக் கூட்டல் குறிதான் முக்கியம். கால் அங்குல எஃகுக் குண்டை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 165 கிலோமீட்டரில், அடித்தும் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஐரோப்பிய முத்திரையில் 'இஎன் 166' என்ற எண்ணோடு வரும் 'எஃப்' எழுத்து ஏறக்குறைய அதே வேகத்தைக் குறிக்கும். மோட்டார்சைக்கிள் காகிள்ஸுக்கென்றே 'இஎன் 1938' என்று தனியாக ஒரு தரமும் உண்டு. முன்னால் போகும் லாரி டயர் தெறிக்கவிடும் ஜல்லியை நினைத்துப் பார்த்தால் இந்த எண்கள் எதற்கு என்று புரியும்.

முத்திரை இருந்தும் நான் வாங்கிய முதல் கண்ணாடி தோற்றது. லென்ஸில் குறை இல்லை, இடைவெளியில்தான். காற்று நேரே வந்து முட்டுவது மட்டுமில்லை. கன்னத்தில் பட்டு மேலே ஏறி, லென்ஸுக்கு அடியில் நுழைந்து கண்ணுக்குள் சுழலும். 40 தாண்டினாலே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த வழியாகத்தான் புழுதியும் வரும். கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. இப்போது ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, வேகமாகச் சுற்றும் மின்விசிறிக்கு முன் முகத்தை வைத்து, இடதும் வலதும் மெதுவாகத் திருப்பிப் பார்க்கிறேன். கீழே குனிந்தும் பார்ப்பேன். எந்தத் திசையில் கண் சில்லிடுகிறதோ அங்கே வழி இருக்கிறது.

பிரேமின் உள்விளிம்பில் ஸ்பாஞ்ச் வைத்த கண்ணாடி இந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆனால் சிக்னலில் நின்றால் மூச்சுக் காற்றும் வியர்வையும் சேர்ந்து லென்ஸில் மூட்டம் கட்டும். ஸ்பாஞ்சுக்குள் சிறு காற்றுத் துளைகளும், லென்ஸின் உள்பக்கம் மூட்டம் கட்டாத பூச்சும் இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். அந்தப் பூச்சைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து அழித்துவிடாதீர்கள். பாலிகார்பனேட்டும் அடியைத்தான் தாங்கும், கீறலைத் தாங்காது. முதலில் தண்ணீரை ஓடவிட்டுப் புழுதியை இறக்கி, பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெட்ரோலோ நெயில் பாலிஷ் நீக்கும் திரவமோ பட்டால் லென்ஸ் வெடிப்பு விட்டுப் பாழாகும்.

கம்பி விஷயத்தில் நான் ரொம்பக் கறார். பட்டையான தடித்த கம்பி பார்க்க அழகுதான். ஆனால் ஹெல்மெட் அதை நெற்றிப்பொட்டில் அழுத்தி, அரை மணி நேரத்தில் தலைவலி கொண்டுவந்துவிடும். மெல்லியதாக, தட்டையாக, காதுக்குப் பின்னால் வளையாமல் நேராகப் போகும் கம்பிதான் ஹெல்மெட்டைப் போட்டபின் உள்ளே நுழையும். ஹெல்மெட்டோடு இருபது நிமிடமாவது போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் பகல் கூச்சத்தை அருமையாகக் குறைக்கும். இருந்தும் நான் வண்டியில் போடுவதில்லை. டிஜிட்டல் மீட்டர் சில கோணங்களில் கறுத்துப் போகிறது. அதைவிட, சாலையில் ஈரமோ எண்ணெயோ இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பளபளப்பையே அது மறைத்துவிடுகிறது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸைப் பலர் கேட்கிறார்கள். அது கறுப்பது புற ஊதாக் கதிரால். முழுமுக ஹெல்மெட்டின் முன்மறைப்பான வைசர் அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் லென்ஸ் சரியாகக் கறுக்காது.

பவர் கண்ணாடிக்காரர்கள் 'எனக்குத்தான் கண்ணாடி இருக்கிறதே' என்பார்கள். என் அக்காவும் அப்படித்தான் சொன்னாள். அவளுக்கு மைனஸ் 4. சாதாரண பிரேமில் பக்கவாட்டில் ஒரு விரலே நுழையும், வண்டு நுழையாதா? முகத்தோடு வளையும் பிரேமில் அந்தப் பவரைப் போட்டுப் பார்த்தோம். ஓரத்தில் தரை வளைந்து தெரிகிறது என்று அவளால் ஓட்டவே முடியவில்லை. கடைசியில் பவர் லென்ஸைப் பாலிகார்பனேட்டில் மாற்றி, அதற்கு மேல் போடுகிற காகிள்ஸ் ஒன்றும் வாங்கினாள். மூட்டம் கட்டுகிறது என்று இன்னும் புலம்புகிறாள். அவளுக்கு வைசரை இறக்கி ஓட்டும் முழுமுக ஹெல்மெட்தான் சரி என்பது என் கட்சி. பேச்சுவார்த்தை நடக்கிறது.

என் நிறமில்லாக் கண்ணாடி வண்டிச் சாவியோடுதான் வீட்டில் இருக்கும், உறைக்குள். போன மாதம் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி நட்சத்திரம் போலக் கதிர் சிதறுவதைப் பார்த்தேன். கழற்றி விளக்கில் காட்டினால் லென்ஸ் முழுக்க மெல்லிய கீறல்கள். அதே பிரேமுக்கு மாற்று லென்ஸ் வாங்கி மாட்டிவிட்டேன்.