சேறு பழுக்கிறது

ஷூவில் ஒட்டிய களிமண் கார் மிதியடி வரை கூடவே வந்துவிட்டது.

காலையில் டொலார்ட் கழிமுகத்துக் கடலணைக்குப் போயிருந்தோம். நெதர்லாந்தின் வடகிழக்கு மூலை, எதிர்க்கரை ஜெர்மனி. கடல் பார்த்த சரிவில் கருங்கல்லும் இல்லை, தாரும் இல்லை. வெறும் புல். அதிலும் ஏழடி நடந்தால் ஓரடி ஏறுகிற சரிவு. அலை மோதாமல், உருண்டு ஏறிக் களைத்துப் போகுமாம்.

அணையை அகலமாக்க வேண்டிய களிமண்ணை அந்தக் கழிமுகத்துச் சேற்றிலிருந்தே எடுக்கிறார்கள்.

"சேறு எப்படி அணையாகும்?" என்றேன்.

"பழுக்க வைப்போம்" என்றார் கூட வந்த டச்சு நண்பர். அவர்கள் மொழியில் அதற்கு அந்தச் சொல்தானாம்!

2018இல் பக்கத்துத் துறைமுக ஊரான டெல்ப்சைலில் இது சோதனையாகத் தொடங்கியது. தூர்வாரிய சேற்றைப் பாத்தி கட்டிப் பரப்புகிறார்கள். மழை உப்பைக் கழுவும், வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சும். நடுநடுவே இயந்திரத்தால் புரட்டிப் போடுவார்கள். சுமார் மூன்று வருஷம். நமக்கு மாவு புளிக்க ஒரு ராத்திரி காத்திருப்பதே பெரும்பாடு.

அந்தக் கழிமுகத்தில் வண்டல் அதிகமாகி, தண்ணீரே கலங்கிக் கிடக்கிறது. வெளிச்சம் இறங்காமல் நுண்பாசி சரியாக வளர்வதில்லை. துறைமுகத்துக்கும் அது தீராத தலைவலி. கடலுக்குத் தொல்லையான அதே சேறுதான் கரைக்கு மண்.

ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். உள்ளே நகக்கண் அளவு கிளிஞ்சல், முழுசாக.

அதை மேசைமேல் வைத்திருக்கிறேன். மிதியடியை இன்னும் கழுவவில்லை.