கோட்டை கேட்டவனைக் கழுகுமலைக்குக் கூட்டிப்போனேன்

அண்ணன் மகன் சென்னையில் படிக்கிறான். கல்லூரியிலிருந்து செஞ்சிக்குப் போய்வந்த நாள்முதலாய் எந்த ஊர்ப் பேச்சு வந்தாலும் "அங்க மலைக்கோட்டை இருக்கா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. பொங்கல் லீவுக்குப் பாளையங்கோட்டை வந்தவன் என்னையும் விடவில்லை. "சித்தப்பா, சுத்தி இவ்வளவு பொத்தை கெடக்கு. மேல ஏறி ஒரு கோட்டை கட்டுவோம்னு உங்க ஊர்ல ஒருத்தருக்கும் தோணலியா?"

கேள்வி நியாயமானதுதான். நம்ம சீமைப் பாளையக்காரர்கள் மலையைவிட மண்ணை அதிகம் நம்பியவர்கள். பாஞ்சாலங்குறிச்சி, நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் எல்லாமே தரையில் நின்ற கோட்டைகள். பாஞ்சாலங்குறிச்சியை 1799-ல் கும்பெனிப் படை பிடித்து இடித்துப் போட்டது. 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை அதே இடத்தில் மளமளவென்று மறுபடி எழுப்பிவிட்டார். மண்கோட்டையாக இருந்ததால்தான் அது முடிந்தது. அதையும் வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கினான். இப்போது நாம் போய்ப் பார்ப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

"கோட்டை கிடையாதுல. ஆனா மலையையே வெட்டிக் கோயிலாக்கி வச்சிருக்கான், வா" என்று சொல்லிக் கழுகுமலைக்குக் கிளப்பினேன். மைத்துனர் காரோடு வந்து நின்றார். வீட்டில் புளியோதரையும் துவையலும் கட்டிக் கொடுத்தார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இனி எழுதப்போவது புரியும். நான் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். திறப்புவிழாக் கல், வீட்டுப் பெயர்க் கல், கல்லறைக் கல். பாளையங்கோட்டையில் கல்லறைக் கல்லுக்கு என்றைக்கும் வேலை உண்டு. அப்பா காலத்தில் உளியும் சுத்தியலும்தான். இப்போது கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டி, கல்லில் ஸ்டிக்கர் ஒட்டி, கம்பிரசர் காற்றில் மணலடித்தால் முடிந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும். இருந்தாலும் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சாமியை அல்ல, எழுத்தைத்தான்.

நாற்கரச் சாலையில் கயத்தாறு வரை பேச்சு முழுக்க அரசியல். 1799 அக்டோபர் 16-ம் தேதி கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர் என்பதால் நினைவிடத்தில் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேற்கே திரும்பினோம். அங்கிருந்து கரிசல். மழை நன்றாகப் பெய்த வருஷம். உளுந்தும் மக்காச்சோளமும் நின்றன, இடையிடையே காற்றாலைகள். தூரத்தில் கழுகுமலை தெரிந்ததும் பையன், "இவ்வளவுதானா?" என்றான். செஞ்சியைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னப் பொத்தைதான். நான் பதில் சொல்லவில்லை.

படியேறிக் கொஞ்ச தூரம் போனால் வெட்டுவான் கோயில். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போனதும்தான் பாறைக்குள் ஒரு பெரிய பள்ளமும், பள்ளத்துக்கு நடுவில் ஒரு விமானமும் தெரியும். கல்லை அடுக்கிக் கட்டியதில்லை. பாறையைச் சுற்றிலும் 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் விட்ட ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பாண்டியர் காலம், எட்டாம் நூற்றாண்டு. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறைதான். அளவில் அதற்கு முன் இது குழந்தை.

மேலிருந்து கீழே வருவதில் என்ன சிரமம் என்று என் தொழில்காரனுக்குத் தெரியும். கட்டடத்தில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே ஒரு நந்தியின் காது போனால் போனதுதான், ஒட்டவைக்க வழியில்லை. ஆனால் அந்த விமானத்தில் கை தடுமாறிய இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. மூலைக்கு மூலை நந்தி, வரிசையாகப் பூதகணங்கள், தெற்கே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி. தட்சிணாமூர்த்தி என்றால் கல்லால மரத்தடியில் சின்முத்திரையோடு இருப்பவர் என்றுதான் பழக்கம். இங்கே மனிதர் மடியில் மத்தளத்தை வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். பையன் செல்போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவரையே எடுத்துக்கொண்டிருந்தான்.

மேல்பாதி இப்படியென்றால் கீழே போகப்போக வேலை பாதியில் நிற்கிறது. எனக்கு அதுதான் விருந்து. கூர் உளி விழுந்த தடம் பக்கம்பக்கமாக, ஒரே சாய்வில் இருக்கிறது. முதலில் முரட்டுத்தனமாகக் கொத்தி உருவத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் நுணுக்க வேலைக்கு வருவார்கள். அந்த வரிசையை மேலிருந்து கீழே கண்ணாலேயே படிக்கலாம். முடிந்த கோயிலாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

ஏன் நின்றது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். அப்பனும் மகனும் சிற்பிகள், மகன் கை மிஞ்சிவிட்டது, பொறாமையில் அப்பன் மகனைக் கொன்றுவிட்டான், அதனால் கோயில் நின்றுபோனது என்று. எனக்கு இந்தக் கதை ஒட்டவே இல்லை. மகன் கை மிஞ்சினால் அப்பனுக்குப் பாதி வேலை மிச்சம். என் அனுபவத்தில் பாதியில் நின்ற கல் வேலை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பணம் கொடுக்கிறவர் கையை விரித்திருப்பார்.

பலர் இதோடு இறங்கிவிடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் சமணர் படுகை. ஒரு நீளமான பாறைமுகம் முழுக்கச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைகளில், எல்லாரும் ஒரே இருப்பில், தலைக்குமேல் முக்குடையோடு, அதாவது மூன்றடுக்குக் குடையோடு. அவர்களில் ஒருவரான பார்சுவநாதருக்குப் பாம்பு படம் விரித்திருக்க, மேலே அவருடைய பகைவன் கமடன் பாறையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நின்றபடியே தவம் செய்த பாகுபலியின் மேல் கொடி படர்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் சகோதரிகள். சிங்கமும் பிள்ளையுமாக நின்ற அம்பிகை இயக்கியை, அதாவது சமணப் பெண் தெய்வத்தைப் பார்த்ததும் மைத்துனர், "நம்ம இசக்கியம்மை மாதிரில்லா இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே அய்யனார் கோயிலும் இருக்கிறது, அவருக்கும் ஒரு கும்பிடு.

நான் உட்கார்ந்துவிட்டது அந்தச் சின்ன உருவங்களுக்குக் கீழே. ஒவ்வொன்றின் அடியிலும் வட்டெழுத்து, அந்தக் காலத்தில் தமிழ் எழுதிய ஒரு எழுத்து வகை. மொத்தம் நூறு கல்வெட்டுக்குக் குறையாது. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி, அவ்வளவுதான் சேதி. நம்ம கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி பேர் எழுதுவோமே, அதற்குப் பாட்டன் இது. ஆனால் இங்கே பேர் சாமியை மறைக்கவில்லை. கொடுத்தவர்களில் ராஜாவைத் தேட வேண்டியதில்லை. தச்சர், குயவர் என்று கைத்தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள். குரத்தியார் என்ற பெண் சமண ஆசிரியர்கள் நிறைய. திருச்சாரணத்துக் குரத்தியார் பேர் இருக்கிறது; திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால். அங்கேயிருந்து இங்கே நடந்து வந்திருப்பார்கள், அல்லது வண்டி கட்டி.

வட்டெழுத்தை எனக்குச் சரளமாகப் படிக்கத் தெரியாது. புத்தகத்தில் பார்த்த சில எழுத்துகளைத்தான் அடையாளம் காணமுடியும். ஆனால் வெட்டிய விதம் தெரியும். நான் வெட்டுகிற கிரானைட்டைப் போல் பாலீஷ் போட்ட முகம் இல்லை, வரிக்கோடும் போடவில்லை. பாறை வளைந்த பக்கம் வரியும் வளைகிறது, இடம் தீர்ந்தால் எழுத்து நெருங்குகிறது. கீழே அவ்வளவு பெரிய கோயிலை எழுப்பினவன் யார் என்று சொல்ல அங்கே ஒரு எழுத்து இல்லை. மேலே முழங்கை உயர உருவத்துக்குக் காசு கொடுத்த குயவனுக்குப் பேர் இருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப ராஜாவுக்கு உங்ககிட்ட ஆர்டர் குடுக்கத் தெரியல, சித்தப்பா" என்றான். படவா!

பதினொரு மணிக்கே பாறை கால் சுட ஆரம்பித்துவிட்டது. போகிறவர்கள் காலை எட்டுக்கெல்லாம் ஏறிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும், மேலே கடை கிடையாது. கழுகாசலமூர்த்தியைப் பார்க்க வேண்டுமென்றால் மதியம் நடை சாத்துவதற்குள் இறங்க வேண்டும். மலையைக் குடைந்த கருவறை என்பதால் அவரைச் சுற்றி வர மலையைத்தான் சுற்ற வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான். நாங்கள் ஓட்டமாக இறங்கி, திரை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தரிசனம் பண்ணிவிட்டு, வேப்பமர நிழலில் புளியோதரையைப் பிரித்தோம். கோவில்பட்டி வழியாகத் திரும்பி, கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு வந்தாயிற்று. அடுத்த லீவுக்கு நெற்கட்டும்செவல் என்று பையனே சொல்லியிருக்கிறான்.