என்8என் 2.0: உடைந்தவையும், உடையாமல் ஏமாற்றியவையும்

பல செயலிகளை இணைத்துத் தானியங்கி வேலைகளை அமைக்க உதவும் மென்பொருள் என்8என் (n8n). அதன் 2.0 பதிப்பு 2025 டிசம்பரில் வெளிவந்தது. வீட்டுச் சர்வரில் டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி), எஸ்கியூலைட் (ஒரே கோப்பாக இருக்கும் தரவுத்தளம்) என்று சின்ன அளவில் ஓடிக்கொண்டிருந்த மூன்று ஏஐ ஒர்க்ஃப்ளோக்களை (படிப்படியான வேலைத் தொடர்களை) அதற்கு நகர்த்திப் பார்த்த குறிப்பு இது. முதலாவது, காலை 6 மணிக்கு ஆர்எஸ்எஸ் செய்திகளை எடுத்து, ஒல்லாமாவில் (ஏஐ மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள்) ஓடும் மாடலிடம் சுருக்கம் வாங்கி டெலிகிராமுக்கு அனுப்பும். இரண்டாவது, முந்தைய பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் டெலிகிராம் பாட். மூன்றாவது, வரும் மின்னஞ்சலின் அவசரத்துக்கு 1 முதல் 10 வரை மாடலை மதிப்பெண் போடச் சொல்லி, 7-ஐத் தாண்டினால் அறிவிக்கும்.

என்8என்-ஐப் புதுப்பித்தால் ஒர்க்ஃப்ளோவும் சேர்ந்து புதுப்பிக்கப்படும் என்று நினைத்து இறங்கினால் குழப்பம்தான். ஒர்க்ஃப்ளோவின் ஒரு படியைச் செய்யும் ஒவ்வொரு நோடும் தன் பதிப்பு எண்ணை ஜேசனுக்குள் (ஒர்க்ஃப்ளோ சேமிக்கப்படும் எழுத்து வடிவம்) ‘டைப்வெர்ஷன்’ என்ற வரியில் சுமந்துகொண்டே இருக்கும். சர்வர் 2.0 ஆனாலும் உள்ளே இருக்கும் பழைய நோடு பழையபடிதான் நடந்துகொள்ளும். அதை நீக்கி, அதே பெயர் நோடைப் பட்டியலிலிருந்து மறுபடி எடுத்து வைத்தால்தான் புதிய பதிப்பு வரும். ஆகவே இது இரண்டு வேலை: சர்வரை ஏற்றுவது ஒன்று, நோடுகளை மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. ஏதாவது கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

நகல் எடுத்தல்

கன்டெய்னரை நிறுத்திவிட்டுத்தான் தரவு வால்யூமை (கன்டெய்னரின் தரவு தங்கும் இடத்தை) நகலெடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்தால், எஸ்கியூலைட் கோப்பின் பக்கத்தில் ‘வால்’ (WAL) கோப்பு இருக்கும் பட்சத்தில், இன்னும் சேராத பதிவுகள் அதில் தங்கிவிடும். நகல் அரைகுறையாகப் போகும். புதிய பதிப்பு முதல் முறை எழும்போதே தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிடும் என்பதால், பழைய பதிப்பின் டாக்கர் இமேஜுக்கு வெறுமனே திரும்பிப் போக வழியில்லை. இந்த நகல்தான் திரும்பும் வழி.

நகலில் குறியாக்கச் சாவி இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அது ‘.என்8என்’ அடைவின் ‘கான்ஃபிக்’ கோப்பில் இருக்கும். சாவி மாறினால் ஒர்க்ஃப்ளோக்கள் எல்லாம் அழகாகத் திறக்கும், ஆனால் கிரெடென்ஷியல் (சேமித்து வைத்த கடவுச்சொல், ஏபிஐ சாவி) ஒன்றுகூட வேலை செய்யாது. ஒர்க்ஃப்ளோவை மட்டும் ஜேசனாக எடுத்துப் போனாலும் இதே கதிதான்: அதில் கிரெடென்ஷியலின் பெயரும் அடையாள எண்ணும்தான் இருக்கும், ரகசியம் இருக்காது.

1-ஆம் வரிசையின் கடைசிப் பதிப்புகளில் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘மைக்ரேஷன் ரிப்போர்ட்’ வந்திருக்கிறது. பதிப்பை அந்த அளவுக்கு உயர்த்தி, அறிக்கையை ஓட்டிய பிறகே 2.0-க்குத் தாவுவது நல்லது. எந்த ஒர்க்ஃப்ளோ எதனால் அடிபடும் என்று அது வரிசைப்படுத்தித் தரும். ஆனால் அது பார்ப்பது 2.0 மாற்றங்களை மட்டுமே. நோடு மாற்றும்போது வரும் சிக்கல்கள் அதில் வராது.

சோதனைச் சர்வர்

நகலை வைத்து 5679 போர்ட்டில் இரண்டாவது கன்டெய்னர் எழுப்பினால், பழையது 5678-இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைத் தட்டிப் பார்க்கலாம். இங்கே மூன்று பள்ளங்கள்.

நேர மண்டலத்தைச் சொல்லாவிட்டால் என்8என் எடுத்துக்கொள்வது நியூயார்க் நேரம். பழைய கன்டெய்னரில் ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று எழுதிய ‘சூழல் மாறி’ (கன்டெய்னருக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) புதியதில் விடுபட்டால், காலை 6 மணிச் சுருக்கம் கோடையில் நம் நேரம் பிற்பகல் 3:30-க்கும் குளிர்காலத்தில் 4:30-க்கும் வரும்.

டெலிகிராம் பாட் ஒன்றுக்கு ஒரு வெப்ஹுக்தான் (செய்தி வந்ததும் டெலிகிராம் அதை அனுப்பும் முகவரி). சோதனைச் சர்வரில் அதே பாட்டை இயக்கினால், பழைய சர்வரின் வெப்ஹுக் சத்தமில்லாமல் பறிபோகும். பாட் உருவாக்கித் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் சோதனைக்கென்று இன்னொரு பாட் வாங்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

ஒல்லாமா முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றிருந்தால், கன்டெய்னருக்குள் அது கன்டெய்னரையே குறிக்கும். லினக்ஸில் ‘ஹோஸ்ட் கேட்வே’ வரியை, டாக்கரின் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒல்லாமா 127.0.0.1-இல் மட்டும் காது கொடுப்பதை 0.0.0.0 என்றும் மாற்ற வேண்டும். 11434 போர்ட்டை வெளி உலகுக்குத் திறந்துவிடாமல் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒல்லாமாவுக்குக் கடவுச்சொல் கிடையாது.

2.0 நேரடியாக உடைத்தவை

இவை சுலபம், ஏனென்றால் சிவப்பாகத் தெரியும். நாமே நிரல் எழுதும் கோட் நோடுக்குள்ளிருந்து சூழல் மாறிகளைப் படிப்பது இப்போது இயல்பாகவே தடைபட்டிருக்கிறது. ஏபிஐ சாவியை அங்கே எழுதி வைத்திருந்தவர்கள் அதைக் கிரெடென்ஷியலுக்கு மாற்றுவதே சரி. தடையை விலக்கும் அமைப்பு உண்டு என்றாலும் அந்த வழி வேண்டாம். வட்டிலிருந்து கோப்பு படிக்கும் நோடு ‘.என்8என்-ஃபைல்ஸ்’ அடைவுக்குள் மட்டுமே எட்டும் என்பதால், அந்த அடைவையும் வால்யூமாக மவுன்ட் செய்ய வேண்டும். ‘எக்ஸிக்யூட் கமாண்ட்’ நோடு அணைத்தே வருகிறது. மிகப் பழைய ‘ஸ்டார்ட்’ நோடு போய்விட்டது. அந்த இடத்தில் மேனுவல் ட்ரிக்கர் வைக்க வேண்டும். கோட் நோடில் பைத்தான் எழுதியிருந்தால், பழைய பயோடைடுக்கு (உலாவிக்கென உருவான பைத்தான் வடிவம்) பதில் தனி ரன்னரில் அசல் பைத்தான் ஓடுகிறது. புள்ளி வைத்துப் புலத்தை எடுக்கும் பழக்கம் அங்கே செல்லாது. சதுர அடைப்புக்குறிக்குள் பெயரை எழுத வேண்டும்.

சிவப்பாகத் தெரியாத ஒன்று, சேமிப்பு. முன்பு இயங்கும் ஒர்க்ஃப்ளோவைச் சேமித்தாலே அது நேரடி ஓட்டத்துக்குப் போய்விடும். இப்போது சேமிப்பது வரைவு மட்டும். ‘பப்ளிஷ்’ அழுத்தும்வரை பழைய வடிவமே ஓடும். ‘திருத்தினேன், ஆனால் மாறவே இல்லை’ என்றால் முதலில் இதைப் பாருங்கள். நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும். ப்ராம்ப்டை (மாடலுக்கான கட்டளையை) அரைகுறையாகத் திருத்தி வைத்தபோது பாட் உளறுவது இதோடு நின்றது.

நோடுகளை மாற்றுதல்

நேரம் போவது இங்கேதான். தேவைக்கேற்ப மாடலே வெளிக் கருவிகளை அழைக்க விடும் ஏஐ ஏஜென்ட் நோடின் பழைய பதிப்பில் கன்வர்சேஷனல், ரியாக்ட், டூல்ஸ் என்று ஏஜென்ட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். என்8என் 1.82 முதல் புதிதாக எடுத்து வைப்பது டூல்ஸ் ஏஜென்ட் மட்டுமே. பெயர் மாற்றம் போலத் தோன்றினாலும் மாடலிடம் எதிர்பார்க்கும் திறனே வேறு. கன்வர்சேஷனல் வகை, கருவிகளின் விவரத்தை ப்ராம்ப்டுக்குள் எழுத்தாகவே கொடுத்து, வரும் பதிலைப் பிரித்துப் படிக்கும். எந்த மாடலும் ஒப்பேற்றும். டூல்ஸ் ஏஜென்டுக்கு, கருவி அழைப்பில் பயிற்சி பெற்ற மாடல் வேண்டும். ஜெம்மா 2 வைத்திருந்தால் ‘கருவிகளை ஆதரிக்காது’ என்று ஒல்லாமா திருப்பி அனுப்பிவிடும். லாமா 3.1, க்வென் 2.5 போன்றவை போதும்.

செய்திச் சுருக்கத்துக்கு ஏஜென்டே தேவையில்லை. கருவி எதையும் அழைக்காத வேலைக்கு ‘பேசிக் எல்எல்எம் செயின்’ வைத்தால் டோக்கனும் (மாடல் எண்ணும் எழுத்துத் துண்டு) நேரமும் மிஞ்சும். ஆனால் ஏஜென்ட் தன் பதிலை ‘அவுட்புட்’ என்ற புலத்தில் தரும், செயின் ‘டெக்ஸ்ட்’ என்ற புலத்தில் தரும். அடுத்த டெலிகிராம் நோடில் எக்ஸ்பிரஷனை (முந்தைய நோடின் மதிப்பை எடுக்கும் குறிப்பை) மாற்ற மறந்தால், செய்தி காலியாக இருக்கிறது என்று டெலிகிராம் மறுத்துவிடும். தமிழில் சுருக்கம் வாங்குபவர்கள் ஒல்லாமா நோடின் ‘கான்டெக்ஸ்ட் லெங்த்’ அமைப்பையும் உயர்த்த வேண்டும். 8192 வைத்துப் பார்க்கலாம். அதே நீளத்து ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிக டோக்கன் பிடிக்கும். அளவு மீறினால் பிழை வராது. உள்ளீட்டின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு, சுருக்கம் மட்டும் ஏனோதானோ என்று வரும்.

மதிப்பெண் ஒர்க்ஃப்ளோ நின்றது, நிபந்தனை பார்க்கும் ‘இஃப்’ நோடில். அதன் புதிய பதிப்பு தரவு வகையைக் கறாராகப் பார்க்கிறது. மாடல் 8 என்பதை எழுத்தாகக் கொடுத்தால் எண்ணோடு ஒப்பிட மாட்டேன் என்று பிழை காட்டும். ‘தேவையானால் வகையை மாற்று’ என்ற விருப்பம் உடனடி மருந்து. ஆனால் மாடல் ‘8/10’ என்று எழுதினால் அதுவும் உதவாது. மாடலின் பதிலைக் குறித்த வடிவத்துக்குள் கொண்டுவரும் ஸ்ட்ரக்சர்டு அவுட்புட் பார்சரை இணைத்து, மதிப்பெண்ணை எண் வகை என்று ஸ்கீமாவில் (அந்த வடிவத்தின் விவரத்தில்) அறிவித்த பிறகுதான் நிலைத்தது.

மூன்றிலும் மோசமான பொறி, வரும் ஐட்டங்களைப் பகுதி பகுதியாகச் சுழற்றும் ‘ஸ்ப்ளிட் இன் பேட்சஸ்’ நோடு. இப்போது அதன் பெயர் ‘லூப் ஓவர் ஐட்டம்ஸ்’. இரண்டாம் பதிப்பில் மேல் வெளியீடு சுழற்சிக்கு, கீழ் வெளியீடு முடிந்த பிறகு. மூன்றாம் பதிப்பில் தலைகீழ்: மேலே ‘டன்’, கீழே ‘லூப்’. கைப்பழக்கத்தில் மேல் முனையை மாடலோடு இணைத்தால் சுழற்சி நடக்காது, பிழையும் வராது. எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

அந்தச் சுழற்சி ஏன் தேவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏஜென்டின் கீழே தொங்கும் துணை நோடுகளில் (மாடல், நினைவகம், கருவி) எழுதும் எக்ஸ்பிரஷன், எத்தனை ஐட்டம் வந்தாலும் முதல் ஐட்டத்தின் மதிப்பையே எடுக்கும். ஒரே ஓட்டத்தில் ஐந்து பேரின் செய்தி வந்தால், ஐவருக்கும் முதலாமவரின் பேச்சு நினைவே போய்ச் சேரும். பேட்ச் அளவு 1 வைத்துச் சுழற்றினால் இது தீரும். சிம்பிள் மெமரி நோடில் செஷன் சாவியாக (யாருடைய பேச்சு என்று பிரிக்கும் அடையாளம்) டெலிகிராமின் சாட் ஐடியைக் கையால் கொடுக்க வேண்டும். சர்வரை மறுபடி இயக்கினால் அந்த நினைவு அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் சேமிக்கும் மெமரி நோடு வேண்டும்.

என்8என் 1.0-க்கு முன்பே எழுதிய ஒர்க்ஃப்ளோ என்றால் செட்டிங்ஸில் ‘எக்ஸிக்யூஷன் ஆர்டர்’ பழைய முறையிலேயே இருக்கும். பழைய முறை, கிளைகளுக்கு இடையே மாறி மாறித் தாவும். புதிய முறை ஒரு கிளையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும், அதுவும் திரையில் மேலே இருப்பது முதலில். ஒரு கிளை எழுதியதை இன்னொரு கிளை படிக்கிறதென்றால், எழுதும் கிளையை மேலே இழுத்து வைத்த பிறகே இதை மாற்றுங்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

பழைய சர்வரின் எக்ஸிக்யூஷன் பட்டியலிலிருந்து ட்ரிக்கரின் வெளியீட்டை எடுத்து, புதியதில் ‘பின்’ செய்து (அதே தரவை நிலையாகப் பொருத்தி) ஓட்டலாம். மாடலின் பதிலில் மாறுபாட்டைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சரை 0 வைத்தாலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புலங்களின் பெயர், வகை, ஐட்டம் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போனால் போதும். எண்ணிக்கை குறைந்தால் பெரும்பாலும் லூப் இணைப்புதான் காரணம்.

சரிபார்த்ததும் பழைய சர்வரில் ஒர்க்ஃப்ளோவை அணைத்துவிட்டு, அதன் பிறகு புதியதில் பப்ளிஷ் செய்யுங்கள். வரிசை மாறினால், பழையதை அணைக்கும்போது அது புதியதின் டெலிகிராம் வெப்ஹுக்கையும் சேர்த்து அழித்துவிடும். ஜேசனை யாருக்காவது பகிர்வதாக இருந்தால் பின் செய்த தரவை முன்னதாக நீக்கிவிடுங்கள். அந்த மின்னஞ்சல்கள் முழுசாக அதற்குள் இருக்கும்.